செல்லுக்குள் நுழையும் அந்நிய டி.என்.ஏ.: வாசகர் கேள்விகள்

கேள்வி: எந்த டி.என்.ஏ.விலும் அதே நான்கு எழுத்துகள்தானே? வைரஸுடையது எது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: பெரும்பாலும் எழுத்துகளை அது படிப்பதே இல்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. நம் டி.என்.ஏ. உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அடைந்து கிடக்க வேண்டும். உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் இரட்டை இழை டி.என்.ஏ. தென்பட்டாலே சிகேஸ் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். கொல்லைப்புறத்தில் அரவம் கேட்டதும் யார் என்று பார்க்காமலே நாய் குரைப்பது போல. பிடித்த கையோடு, செல்லில் எப்போதும் இருக்கும் ஏடிபி, ஜிடிபி இரண்டையும் இணைத்துச் சிகேம்ப் என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. அது ஸ்டிங் புரதத்தில் போய் ஒட்ட, ஸ்டிங் செல்லுக்குள் உள்ள கோல்கை உறுப்புக்கு நகர்ந்து டிபிகே1 நொதியை முடுக்க, கடைசியில் ஐஆர்எஃப்3 என்ற புரதம் உட்கருவுக்குள் போய், வைரஸ் எதிர்ப்பை முடுக்கும் இன்டர்ஃபெரானின் மரபணுவை இயக்குகிறது. சிகேம்ப் பக்கத்துச் செல்லுக்கும் கடந்து போகும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்: வைரஸ் வந்து சேரும் முன்பே அண்டைச் செல்கள் தயாராகிவிடலாம். சிகேஸைக் கண்டறிந்ததற்காக டல்லாஸ் விஞ்ஞானி ஜிஜியன் சென்னுக்கு 2024-ல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

எழுத்தைப் பார்க்கிற டிஎல்ஆர்9 போன்ற புரதமும் உண்டு. செல் வெளியிலிருந்து விழுங்குபவை வந்து சேரும் பையான எண்டோசோமுக்குள் வரும் டி.என்.ஏ.வில், பாக்டீரியாவிலும் வைரஸிலும் அதிகம் காணப்படும் மெத்தில் என்ற வேதிக் குறி ஏறாத சிபிஜி வரிசையை (சி எழுத்தை அடுத்து ஜி) அது தேடும்.

கேள்வி: இடத்தை மட்டும் பார்த்தால் சொந்த டி.என்.ஏ.வும் மாட்டிக்கொள்ளாதா?

பதில்: மாட்டும். அதனால்தான் சிதறிக் கிடக்கும் துண்டுகளை டிரெக்ஸ்1 நொதி அவ்வப்போது வெட்டித் தீர்க்கிறது. உட்கருவுக்குள்ளும் சிகேஸ் இருக்கிறது, ஆனால் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரத உருண்டையான நியூக்ளியோசோமில் ஒட்டிக் கிடப்பதால் வேலை செய்ய முடியாது. டிரெக்ஸ்1 மரபணு பழுதானால் எய்கார்டி-கூட்டியே நோய் வரலாம். கருவிலேயே வைரஸ் தாக்கியது போலக் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டிருக்கும். சோதித்தால் வைரஸ் எதுவும் இருக்காது.

கேள்வி: கறி, கீரையில் உள்ள டி.என்.ஏ. ஆபத்தா?

பதில்: இல்லை. குடலிலேயே நொதிகள் நறுக்கிவிடும். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கோவிட்டுக்கான சைகோவ்-டி போன்ற டி.என்.ஏ. தடுப்பூசியையும் செல் எதிரியாக நினைக்குமா?

பதில்: நினைக்கும், நினைக்கவும் வேண்டும். ஸ்டிங் இல்லாத எலிகளுக்கு டி.என்.ஏ. தடுப்பூசி போட்டபோது நோயெதிர்ப்பு எதிர்வினை மந்தமாகவே இருந்தது.

கேள்வி: பாக்டீரியாவுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, நம்முடையதைவிடப் பழையது. சிகேஸின் உறவு நொதி ஒன்று பல பாக்டீரியாக்களில் இருக்கிறது. ஃபேஜ் என்ற, பாக்டீரியாவைப் பிடிக்கும் வைரஸ் தாக்கும்போது அது தரும் சமிக்ஞையால் அந்த பாக்டீரியா தன்னையே அழித்துக்கொள்ளும். ஃபேஜ் பெருகி முடிக்கும் முன் அது செத்துவிட்டால் சுற்றியுள்ளவை பிழைக்கும்.