ஞானப்பல் எடுத்து நான்கு மாதமாகியும் உதடு மரத்தே இருக்கிறது: நட்ட ஈடு கேட்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். வீட்டிலேயே சிறுபிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு தனியார் பல் மருந்தகத்தில் வலப்பக்கக் கீழ் ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தார்கள். அன்றிலிருந்து கீழுதடும் முகவாயும் மரத்துக் கிடக்கின்றன. கூடவே தீப்பட்டது போன்ற எரிச்சல், இரவில் தூக்கமில்லை. ப, ம சொல்லும்போது உதடு சேர்வதே தெரியவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் கேட்டதற்கு "இதெல்லாம் சகஜம்" என்றார்கள். பிறகு போனபோதெல்லாம் மருத்துவர், "போகப்போகச் சரியாகிவிடும்" என்றார். இப்போது கட்டணம் 1,400 வெள்ளியைத் திருப்பித் தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அறுவைக்கு முன்பே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வழக்குப் போட முடியுமா?

பதில்: முதலில் அந்தக் கடிதம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். இப்படிப்பட்ட கடிதங்களில் பெரும்பாலும் "இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் நரம்பு தேறுமா, தேறாதா என்றே தெரியாத நேரத்தில் 1,400 வெள்ளிக்கு அந்த வரியை விற்கக்கூடாது. கடிதத்தின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முன் போட்ட கையெழுத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். சம்மதப் படிவம் என்பது அறுவைக்குத் தந்த அனுமதி. கவனக்குறைவுக்குத் தந்த மன்னிப்பு அல்ல. கவனக்குறைவால் உடலுக்கு ஏற்படும் காயத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கினாலும், நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின் முன் அது செல்லாது.

அடுத்தது கசப்பான செய்தி. மரத்துப்போனது மட்டுமே தவறுக்குச் சான்றாகாது. கீழ் ஞானப்பல்லின் வேர், தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை ஒட்டியே இருக்கலாம். எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் அந்த நரம்பு நசுங்க வாய்ப்புண்டு. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே சரியாகிவிடும். அதனால் "அறுவையைச் சரியாகச் செய்யவில்லை" என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்கினால், எதிர்த்தரப்பு நிபுணர் வந்து "இது தெரிந்த ஆபத்துதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். உங்கள் வழக்குக்கு உயிர் இருந்தால், அது அறுவைக்கு முன்னும் பின்னும்தான் இருக்கும்.

முன்னே நடந்ததைப் பார்ப்போம். வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கம் என்று எக்ஸ்ரே காட்டியதா? காட்டியிருந்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்களா? வேரை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் அகற்றும் வழியும் உண்டு என்று சொன்னார்களா? நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது குறித்து 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. 1 ஜூலை 2022 முதல் அந்தத் தீர்ப்பின் இடத்தில் குடிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இருக்கிறது. சக மருத்துவர்கள் ஏற்கும் ஆலோசனையா என்பது ஓர் அளவுகோல். ஆனால் அந்த நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவல் கிடைத்ததா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பேசிப் பிழைக்கும் ஆசிரியர் நீங்கள் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இங்கே முக்கியம். நாற்காலியில் சாய்ந்த பிறகு நீட்டிய படிவத்தில் பொடி எழுத்தில் "நரம்புப் பாதிப்பு" என்று இருந்தால், அது விளக்கமாகாது என்றே வாதாடுவேன்.

ஆனால் ஒன்று. "தெரிந்திருந்தால் எடுத்திருக்கமாட்டேன்" என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். அடிக்கடி சீழ் பிடித்து வீங்கிய பல் என்றால், இதைச் சொல்வது கடினம். வலியே இல்லாத பல்லை "எதற்கும் எடுத்துவிடலாம்" என்று எடுத்திருந்தால் கதை வேறு.

பின்னே நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மூன்றாம் நாளே சொல்லியிருக்கிறீர்கள். நான்கு மாதமாக எந்த நிபுணரிடமும் அனுப்பவில்லை. நரம்பை நுண்ணறுவையால் சரிசெய்ய வாய்ப்பிருந்தால், காலம் கடக்கக் கடக்கப் பலன் குறையும். தாமதத்தால் உங்களுக்கு என்ன இழப்பு என்று ஒரு வாய், தாடை அறுவை நிபுணர் எழுத்தில் சொன்னால் வழக்குக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

ஆகவே வழக்கறிஞரைவிட அந்த நிபுணரை முதலில் பாருங்கள். தேசியப் பல் நிலையத்துக்கோ, தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ போகலாம். எந்த இடம் எவ்வளவு மரத்திருக்கிறது என்று அளந்து குறிக்கச் சொல்லுங்கள். நரம்பு எரிச்சலுக்குச் சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் கேட்காது. அதற்கென்றே வேறு மருந்துகள் உண்டு, கேளுங்கள். சிகிச்சைக்குப் போகாமல் இருந்தால், "இழப்பைக் குறைக்க இவர் முயலவே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

மருந்தகத்திடம் எக்ஸ்ரே, படிவம், வருகைக் குறிப்புகள் அனைத்தின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 30 நாளில் தர வேண்டும், இல்லையென்றால் எப்போது தருவோம் என்றாவது சொல்ல வேண்டும். தொலைபேசி அழைப்புப் பதிவுகள், வாட்ஸ்அப் செய்திகள், ரத்தான வகுப்புகளின் கணக்கு எதையும் அழிக்காதீர்கள்.

காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டு. நேரம் இருக்கிறது, தூங்கிவிட வேண்டாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உடல் காயத்துக்கு நட்ட ஈடு தராது. சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். அது மருத்துவர் மேல் நடவடிக்கை எடுக்கும், உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. நட்ட ஈடு 60,000 வெள்ளி வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். இவ்வகை வழக்குகளில் தாக்கல் செய்வதற்கு முன்பே ஆவணங்களைப் பரிமாறிப் பேசிப்பார்க்க ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். உங்களுடையது சமரசத்தில் முடியக்கூடிய வகை என்றுதான் தோன்றுகிறது. அதுவரை ஃபேஸ்புக்கில் மருத்துவர் பெயரைப் போடாதீர்கள், அவதூறு வழக்கு வேறு வந்து சேரும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஜெயித்தால் இத்தனை விழுக்காடு" என்று கட்டணம் பேச இங்கே வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. அப்படி யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய செலவு நிபுணர் அறிக்கைதான். நீங்கள் குடிமகளோ நிரந்தரவாசியோ என்றால், வருமானம் குறைவாக இருக்கும்பட்சத்தில் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். நிபுணர் அறிக்கையும் மருந்தகக் குறிப்புகளும் கைக்கு வந்ததும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். வழக்கு தேறுமா என்பதை அவற்றைப் படித்துவிட்டுத்தான் யாராலும் சொல்ல முடியும்.