இலங்கையில் இந்திய வீடு: பட்டியலில் பெயர் சேர்க்க அறுபதாயிரமா?

கேள்வி: 1990இல், எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, மன்னார் மாவட்டம் அடம்பன் பக்கத்திலிருந்து பெற்றோருடன் படகில் வந்தோம். மண்டபம் அகதி முகாமில் சில காலம் இருந்துவிட்டு, நெல்லை மாவட்ட முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா காலமாகிவிட்டார். ஊரில் அவருக்கு முக்கால் ஏக்கர் காணி உண்டு. இந்திய அரசு இலங்கைத் தமிழருக்கு வீடு கட்டிக்கொடுக்கிறது என்றும், பட்டியலில் பெயர் சேர்க்கக் குடும்பத்துக்கு 60,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லி, பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் முகாமில் படிவம் கொடுத்துப் போயிருக்கிறார். ஐயாயிரம் முன்பணமும் வாங்கிக்கொண்டார். மீதியைக் கொடுக்கலாமா? ஊர் திரும்பினால் வீடு கிடைக்குமா?

பதில்:

மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், சகோதரி. அந்தப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். வீடு கிடைக்குமா என்பதற்குப் பிறகு வருகிறேன். படிவத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன். மேலே சிங்கமுகச் சின்னம் அச்சிட்டிருக்கிறார்கள். கீழே "தாலுகா", "ஊராட்சி ஒன்றியம்", "கிராம நிர்வாக அலுவலர் கையொப்பம்" என்று கட்டங்கள் இருக்கின்றன. மன்னாரில் தாலுகாவும் கிடையாது, ஊராட்சி ஒன்றியமும் கிடையாது; அங்கே இருப்பவை பிரதேச செயலகமும் கிராம அலுவலர் பிரிவும்தான். நம் பக்கத்து வீட்டு வசதிப் படிவம் ஒன்றை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி நகலெடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதுகூடத் தெரியாத ஒருவர், உங்கள் பெயரை அந்த ஊர்ப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பார்?

அவர் சொல்லும் திட்டம் பொய்யான திட்டம் அல்ல, அதுதான் ஆபத்து. இந்தியா உண்மையிலேயே இலங்கையில் 50,000 வீடுகளுக்கு உதவியது. 2010 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்து அரியாலையில் முதல் ஆயிரம் வீடுகளுக்கான வேலை தொடங்கி 2012இல் முடிந்தது. அந்த ஆயிரம் வீடுகளையும் ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். அதற்கு அடுத்த பெரிய கட்டம் 2012 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அந்தக் கட்டத்தில் வீட்டுக்காரரே தம் காணியில் நின்று தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை கொண்டுவரப்பட்டது. புதிய வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் (அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் இந்திய ரூபாய்). சேதமடைந்த வீட்டைப் பழுதுபார்க்க இரண்டரை லட்சம் இலங்கை ரூபாய். வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து 46,000 வீடுகள் கட்டி முடிந்தன. அந்தப் பகுதிகளுக்கான பயனாளிப் பட்டியல் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. முடிந்த பட்டியலில் பெயர் சேர்த்துத் தருவதாகச் சொல்லித்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள். மலையகத் தோட்டங்களில் இந்திய உதவி வீடுகள் பின்னரும் தொடர்ந்தன. அது தோட்டத் தொழிலாளருக்கு உரியது, உங்களுக்குப் பொருந்தாது.

பட்டியல் திறந்திருந்த நாளிலும் இடையில் ஒருவர் நிற்பதற்கு அந்த முறையில் இடம் இருக்கவில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொண்டால், நாளைக்கு வேறு திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் வந்தாலும் ஏமாற மாட்டீர்கள். இந்திய அரசு கொடுத்தது கடன் அல்ல, மானியம். இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் மேற்பார்வை செய்தது. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பான ஹாபிடாட், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நிறுவனங்கள் களத்தில் வேலையைக் கவனித்தன. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு ஊர்தோறும் புள்ளிகள் போடப்பட்டன. பெண் தலைமை தாங்கும் குடும்பம், முதியவர்கள், மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பம் என்ற வரிசையில் முன்னுரிமை தரப்பட்டது. பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகப் போனது. அத்திவாரம் எழுந்ததா, சுவர் எழுந்ததா, கூரை ஏறியதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் பார்த்த பிறகே அடுத்த தவணை வந்தது. கொழும்பில் புறப்பட்ட பணம் அடம்பன்காரியின் வங்கிப் புத்தகத்தில் போய் நிற்கும் வரை, பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதில் என்ன வேலை இருந்திருக்க முடியும்?

வெளிநாட்டு உதவி என்றாலே, வீட்டுக்கு வீடு பணம் வரும் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. இந்தியாவின் கடன் உதவியில், இந்திய அரசின் ரயில்பாதைக் கட்டுமான நிறுவனமான இர்கான், வவுனியாவை அடுத்த ஓமந்தைக்கு வடக்கே தண்டவாளம் போட்டது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. உங்கள் மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் பாதையும் 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. இவையும் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு உதவிகள்தாம். ஆனால் இவற்றில் ஒரு ரூபாய்கூடத் தனி ஆளின் கைக்கு வராது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்க்கு அறிவித்த நலத்திட்டங்களில், இங்குள்ள முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரும் திட்டமும் ஒன்று. அது முகாமில் இருப்பவர்களுக்கு மாநில அரசு கட்டித்தருவது. ஊரில் கட்டிய இந்திய வீடுகளோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. தரகர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள். முகாமில் கண்ணெதிரே வீடு எழும்புவதைப் பார்ப்பவர்கள், ஊரிலும் எழும்பும் என்று நம்பிவிடுகிறார்கள்.

இனி, எனக்குத் தூக்கம் வராமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "என் சார்பாகச் சகல காரியங்களையும் செய்ய மேற்படியாருக்கு அதிகாரம் அளிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை நாம் பவர் என்போம். உங்கள் ஊரில் அற்றோர்ணித் தத்துவம் என்பார்கள். 60,000 ரூபாய் போனால் வயிற்றைக் கட்டியாவது மீட்டுவிடலாம். முக்கால் ஏக்கர் காணி போனால் மீளாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி என்னைப் பார்க்க வந்தார். காணிப் பத்திரத்துக்கு நகல் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு, நூறு ரூபாய் முத்திரைத்தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் காணியில் வேறு யாரோ கம்பிவேலி போட்டிருப்பதாக ஊரிலிருந்து தகவல் வந்தது. அந்தத் தாளின் மங்கலான நகலை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். அவிழ்க்கும்போது அவர் விரல்கள் நடுங்கின.

எனவே பொதுவான அதிகாரம் எதையும் யாருக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள். ஊரில் ஒரு வேலை நடந்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும், அதன் பெயரையும் காணியின் எல்லையையும் குறிப்பிட்டு, உங்கள் இரத்த உறவில் ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். அதையும் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் வழியாகவே செய்யுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். "எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள்" என்று யார் சொன்னாலும் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பினால் வீடு கிடைக்குமா என்று கேட்டீர்கள். பழைய இந்தியத் திட்டத்தில் கிடைக்காது. ஆனால் இலங்கை அரசின் மீள்குடியேற்ற உதவியாக இருந்தாலும், இனி ஏதோ ஒரு நாடு தரப்போகும் உதவியாக இருந்தாலும், அது உங்கள் கிராம அலுவலரின் பதிவேட்டில் இருந்துதான் தொடங்கும். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏற இரண்டு விஷயங்கள் வேண்டும்: நீங்கள் இலங்கைப் பிரஜை என்பதற்கான சான்று, காணி உங்களுடையது என்பதற்கான சான்று. உங்கள் பிறப்புப் பத்திரத்தின் நகலை மன்னாரில் எடுக்கலாம். பிள்ளைகள் திருநெல்வேலியில் பிறந்தவர்கள் என்பதால், அவர்களுடைய பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்து பிரஜாவுரிமைச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இதற்கு நாளாகும், ஆகவே ஊர் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

காணி விஷயத்தில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு அது பொருந்துமோ என்று எனக்குச் சந்தேகம். அப்பாவின் காணி உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? உறுதி என்றால் நம் ஊர்க் கிரயப்பத்திரம் போல. காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கும், மூலப்பத்திரம் படகில் வந்த அன்று கடலில் போயிருந்தாலும் அங்கே தேடி நகல் எடுக்கலாம். மன்னார், வன்னிப் பக்கத்தில் ஏராளமான காணிகள் அப்படிப்பட்டவை அல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்துக் குடியேற்றிய காணிகள் அவை. அவற்றின் விவரம் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் இருக்கும். அந்தக் காணி அப்பாவோடு பிள்ளைகள் எல்லாருக்கும் தானாகப் பங்காகிவிடாது. பின்னுரிமையாளர் என்று அப்பா யாருடைய பெயரைப் பதிந்து வைத்தார் என்று முதலில் பார்ப்பார்கள். அப்படி யாரையும் பதியவில்லை என்றால் சட்டம் சொல்லும் வரிசைப்படி ஒருவருக்குப் போகும். இப்படி ஏதோ ஒரு வழியில் உரிமை பெற்றவர் ஊரிலேயே இருந்துவிட்ட உங்கள் சித்தப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். அவர் அந்தக் காணியைக் காட்டி, 2012க்குப் பிறகு இந்திய வீடு ஒன்றைக் கட்டியும் இருக்கலாம். அப்படியானால் அவரைத் திருடர் என்று நினைத்துக்கொண்டு போய் இறங்காதீர்கள். அவர் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியம் இல்லை, பேரேட்டில் அவர் பெயரே இருக்கக்கூடும். பெர்மிட் காணியில் குடியிருக்கவோ பயிரிடவோ ஆளில்லை என்று காரணம் காட்டி, அனுமதியை ரத்துசெய்து வேறொருவருக்குக் கொடுக்கவும் அங்கே வழியிருக்கிறது. ஆகையால் முதல் கடிதம், அடம்பன் அடங்கிய மாந்தை மேற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். அப்பாவின் முழுப்பெயர், தாத்தாவின் பெயர், பக்கத்துக் காணிக்காரர்களின் பெயர், குளமோ வாய்க்காலோ எந்தத் திசையில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் அம்மா இருக்கிறார் என்றால், இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நினைவுக்கு வேறெங்கும் நகல் கிடையாது.

உறுதிக் காணி என்றாலும் அவசரம் உண்டு. தனியார் காணியை எதிர்ப்பில்லாமல் 10 ஆண்டு ஆண்டவருக்கு உரிமை பிறக்கும் என்பது அங்குள்ள பழைய சட்டம். போரால் வெளியேறியவர்களுக்காக 2016இல் தனிச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். அதற்கும் ஒரு காலவரம்பு வைத்தார்கள். முகாமில் இருந்தவர்களிடம் அதை யார் வந்து சொன்னது? 50,000 வீட்டுக்குப் புள்ளி போட்டபோதும் ஊரில் நின்ற குடும்பங்களைத்தான் எண்ணினார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் பதிவு அட்டையோடு காத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. கட்டிக்கொடுத்தது இந்தியா, காத்திருந்தவர்கள் இருந்ததும் இந்தியா. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி முகாம் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால், இன்றைக்கு உங்களிடம் ஐயாயிரம் ரூபாய் வாங்க அந்த மனிதருக்கு வாய் வந்திருக்காது. இந்த வேலைக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் யாரும் செய்யவில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பயணம் பற்றியும் ஒரு வார்த்தை. அகதிகளுக்கான ஐ.நா. ஆணையத்தின் வழியாக விரும்பித் திரும்புவோருக்கு விமானச் சீட்டு உதவி கிடைத்துவந்தது; இப்போது கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியேறும் அனுமதியை முகாம் வழியாகவே கேட்க வேண்டும். "படகில் கொண்டுபோய் விடுகிறேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிற்பாடு எந்த உதவி கிடைத்தாலும் அந்தத் தொகைக்குள் அடங்கும் வீட்டையே கட்டுங்கள். இந்திய வீடு கிடைத்தவர்களிலேயே, கூடுதலாக ஓர் அறை இழுத்துவிட்டுக் கடனில் விழுந்த குடும்பங்கள் பல.

கொடுத்த ஐயாயிரத்துக்கு அவரிடம் ரசீது கேட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது சான்றாக நிற்கும். கோபத்தில் எதுவும் பேசிவிட வேண்டாம், படிவத்தையும் கிழித்துப் போட வேண்டாம். அவருக்குப் பணம் கொடுத்த மற்றக் குடும்பங்களையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதுங்கள். அவரவர் கொடுத்த தொகை, தேதி, பார்த்த சாட்சி ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிடுங்கள். வருகிற திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். காலையிலேயே போய் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தச் சீட்டின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். படிவத்தின் மூலப் பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலை மட்டும் கொடுங்கள்.