பூங்கா நிலம் நகரத்துக்குத்தானே சொந்தம், அதைக் கைமாற்ற மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் எதற்கு?

நான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு சிற்றூரில் வசிப்பதால் இங்குள்ள நடைமுறையை வைத்தே பதில் எழுதுகிறேன்.

பத்திரம் நகரத்தின் பெயரில் இருந்தாலும், பூங்காவுக்கோ காட்டையும் நீராதாரத்தையும் காப்பதற்கோ ஒதுக்கிய நிலத்தை நகரம் தன் விருப்பப்படி விற்க முடியாது. 1972இல் வாக்காளர்கள் ஏற்ற, மாநில அரசமைப்பின் 97ஆவது திருத்தத்தின்படி, அத்தகைய நிலத்தை வேறு பயனுக்குத் திருப்பவோ கைமாற்றவோ, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினர்களின் வாக்கைப் பெயர்வாரியாகப் பதிவு செய்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். ஒரு நகராட்சியின் வரவுசெலவில் துண்டு விழும் ஆண்டில் முதலில் கண்ணில் படுவது காலி மைதானம்தான் என்பதால், இந்தத் தடை நியாயமானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஊரில் கழிவுநீரேற்று நிலையத்துக்காகப் பூங்காவின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டார்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்ப் பொதுக்கூட்டம் நடந்தது. திரையில் காட்டிய நில அளவை வரைபடத்தில் சிவப்புக் கோடு ஒரு பழைய மேப்பிள் மரத்தின் அடிவழியே போவதை, முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து விரலால் தொட்டுக் காட்டினார். கோட்டைச் சில அடிகள் தள்ளி வரைந்த பிறகுதான் வாக்கு அட்டைகள் உயர்ந்தன. ஊரே கேட்டு அனுப்பிய மசோதாவை, மாநிலத் தலைநகர் பாஸ்டனில் உள்ள சட்டமன்றத்தில் பெரிதாக எதிர்ப்பதில்லை என்பது என் அனுபவம். நிலத்தின் எல்லைகள் மசோதாவிலேயே குறிப்பிடப்படுவதால், கேட்க வேண்டியதை ஊரில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். 2022இல் வந்த சட்டமோ, மாற்று வழிகளை ஆராய்ந்து காட்டவும், பொதுவாகப் பரப்பிலும் மதிப்பிலும் குறையாத மாற்று நிலம் தரவும் கட்டாயப்படுத்துகிறது.

எந்த நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு என்பதில்தான் வழக்குகள் எழுகின்றன. வெஸ்ட்ஃபீல்ட் நகரம் வரி பாக்கிக்காக 1939இல் கைப்பற்றிய ஓர் இடம் பின்னர் விளையாட்டு மைதானமாயிற்று. அங்கே தொடக்கப் பள்ளி கட்ட நகரம் முயன்றபோது குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். பத்திரத்தில் எந்தக் கட்டுப்பாடும் பதிவாகவில்லை என்பது நகரத்தின் வாதம். ஆனால் 1957இல் அந்த நகரமே அதை மைதானமாக அறிவித்து இயற்றிய விதியும், 1979இல் அதன் மேம்பாட்டுக்குப் பெற்ற கூட்டாட்சி நிதியும் அந்நிலம் நிரந்தரப் பொதுப்பயனுக்கு அர்ப்பணிக்கப்பட்டதையே காட்டுகின்றன என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் ஊரில் இப்படியொரு கேள்வி எழுந்தால், பத்திரத்தோடு நின்றுவிடாமல் பழைய கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் மானிய ஒப்பந்தங்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.