வாசகர் கேள்வி பதில்: பாவம் என்பதால் ஒன்று குற்றமாகிவிடுமா?

கேள்வி: கொலையும் திருட்டும் கூடாது என்று மனிதனுக்கு முதலில் சொன்னவை மதங்களே. அப்படியிருக்க, ஒரு சட்டம் மத ஒழுக்கத்திலிருந்து பிறந்தது என்பதையே அதன் குறையாகச் சொல்வது எப்படிச் சரியாகும்? பெரும்பாலான மக்கள் பாவம் என்று கருதுவதைச் சட்டம் தடை செய்தால் என்ன தவறு?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் சொன்னது யார் என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். திருட்டைத் தண்டிக்க நமக்கு எந்த வேதமும் தேவைப்படுவதில்லை. பொருளைப் பறிகொடுத்தவரின் புகாரே போதும். பக்தியின் காரணமாக ஒருவர் ஒரு சட்டத்தைக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. அவர் மனத்தைத் துருவிப் பார்க்கும் வேலை அரசுக்கு இல்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்காகச் சபையில் முன்வைக்கப்படும் காரணம், அவருடைய நம்பிக்கையில் பங்கில்லாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடியதாக இருந்தாக வேண்டும்.

உங்கள் பக்கத்து ஊர்க் கோயில்களிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. விலங்குகளையும் பறவைகளையும் கோயில்களில் பலியிடக் கூடாது என்று சென்னை மாகாணத்தில் 1950இல் ஒரு சட்டம் வந்தது. பல ஆண்டுகள் பெயரளவில் கிடந்த அதை 2003இல் ஜெயலலிதா அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, முனியாண்டிக்கும் கருப்பசாமிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கிடா வெட்டி வந்த குடும்பங்கள் தங்கள் நேர்த்திக்கடனே குற்றமாகிவிட்டதைக் கண்டு திகைத்தன. எதிர்ப்பு வலுத்து, மறு ஆண்டே, 2004இல், சட்டம் நீக்கப்பட்டது.

அந்தச் சட்டம் எதைத் தடுத்தது என்பதைக் கவனியுங்கள். ஆட்டைக் கொல்வதை அது தடுக்கவில்லை. தெய்வத்தைத் திருப்திப்படுத்தும் எண்ணத்தோடு கொல்வதை மட்டுமே தடுத்தது. மஞ்சள் நீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்து வெட்டி, அங்கேயே சமைத்து ஊரார் பந்தியில் பரிமாறினால் அது குற்றம். அதே ஆட்டைத் தெருமுனைக் கறிக்கடையில் வெட்டித் தொங்கவிட்டால் அது வியாபாரம். ஆட்டுக்கு இரண்டிலும் ஒரே கதிதான். உயிர்வதை என்ற பொதுக் காரணம் இந்தச் சட்டத்துக்குப் பொருந்தவே இல்லை. மிஞ்சுவது, பலி என்பது இழிந்த வழிபாடு என்று கருதிய ஒரு சாராரின் சமய ருசி மட்டுமே. கொல்லாமையை உயர்த்திப் பிடிப்பவர்கள் திருக்குறளைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆனால் ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்று சொன்ன வள்ளுவர், கறிக்கடைக்கு விலக்கு அளிக்கவில்லை.

பெரும்பான்மை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் புலால் உண்ணாதவர்கள் என்றுமே பெரும்பான்மையாக இருந்ததில்லை என்பதால், இந்தச் சட்டத்துக்கு அந்தச் சாக்கும் கிடைக்காது. கேரளத்தில் 1968இல் இயற்றப்பட்ட இதே போன்ற சட்டத்தைப் பற்றியும் நான் இதையே சொல்வேன்.

கேள்வி: மத நம்பிக்கையில் சட்டம் தலையிடக் கூடாது என்றால், கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டி, தெய்வத்துக்கு மணமுடித்ததாகக் கொண்டு தேவதாசியாக்கும் வழக்கத்தை ஒழித்ததும் தவறா? அதையும் அன்று மதம் என்றுதானே சொன்னார்கள்?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: சட்டம் தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை; யாருக்குத் தீங்கு என்பதைக் காட்டிவிட்டுத் தலையிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பொட்டுக்கட்டு விஷயத்தில் அந்தத் தீங்கு வெளிப்படையானது. விவரம் அறியாத வயதிலுள்ள ஒரு சிறுமியின் வாழ்க்கையை, அவள் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், பெரியவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். இசை வேளாளர் குலத்துத் தாய்க்குப் பிறந்தவரும் சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்த அநியாயத்தைத்தான் சபையில் எடுத்து வைத்தார். கோயில் ஊழியத்துக்கு ஈடாகத் தேவதாசிகளுக்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களை, ஊழியக் கட்டாயம் இல்லாமல் அவர்களே அனுபவிக்க வழி செய்த 1929ஆம் ஆண்டுத் திருத்தம் அவருடைய முயற்சியால் வந்தது. அதுவே மிக நேர்த்தியான சட்ட வேலை என்பேன்: வழக்கத்தின் பிடியைத் தளர்த்திய அதே வேளையில், பிழைப்பைப் பறிக்கவில்லை.

1947இல் நிறைவேறிய தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை முழுதாக அப்படிப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. பொட்டுக்கட்டுவதைச் சட்டவிரோதமாக்கியது நியாயம். பொட்டுக்கட்டப்பட்ட பெண் சட்டப்படி மணந்துகொள்ளலாம் என்று உறுதி செய்தது அதைவிட நியாயம். ஆனால் அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் ஒரு பெண், கும்ப ஆரத்தி என்ற விளக்குச் சடங்கோடோ அது இல்லாமலோ, நடனமாடுவதையே சட்டவிரோதம் என்றது. வயது வந்த ஒருத்தி விரும்பி ஆடும் ஆட்டத்தில் பாதிக்கப்பட்டவர் யார்? இங்கே சிறுமியின் பாதுகாப்பு பின்னுக்குப் போய், குடும்பப் பெண் இன்னின்ன இடத்தில் ஆடலாகாது என்ற கௌரவக் கணக்கு முன்னுக்கு வந்துவிட்டது. தங்களை விலைமாதரோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் 1920களின் இறுதியிலேயே வாதாடினார்கள். அவர்கள் தரப்பில் எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஓர் இடத்தில் அவர்களுடைய அச்சம் வீண்போகவில்லை. இன்று சிவராத்திரியையொட்டி சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் பெண்கள் ஆடுகிறார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. பொட்டுக்கட்டை மீண்டும் கொண்டு வரலாம் என்று வாதிடவும் எவரும் இல்லை.