இனிப்பு மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருப்பதாகப் போன மாதம் சொன்னார்கள். அன்றிலிருந்து தேநீரில் இனிப்பு மாத்திரைதான் போட்டுக்கொள்கிறேன். வெயிலுக்குத் தினமும் ஒரு டயட் குளிர்பானமும் குடிக்கிறேன். இதனால் குழந்தை பிற்காலத்தில் குண்டாகிவிடும் என்று நாத்தனார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கருப்பட்டிக்கு மாறிவிடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கருப்பட்டிக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கருப்பட்டியானாலும் வெல்லமானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையே என்பதால் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தாயின் இரத்தத்தில் மிகும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க, உடலில் கொழுப்பு சேர்ந்து, எடை மிகுந்து பிறக்கவும், பிறந்தவுடன் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துபோகவும், வளர்ந்தபின் உடல் பருமனும் சர்க்கரை நோயும் வரவும் வாய்ப்பு கூடுகிறது. இன்று உங்கள் குழந்தைக்கு உறுதியாகத் தெரிந்த ஆபத்து இதுதான்.

உங்கள் நாத்தனார் சொன்னதிலும் அடிப்படை இருக்கிறது. கனடாவில் 3,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், கர்ப்பகாலத்தில் செயற்கை இனிப்புப் பானங்களைத் தினமும் குடித்தவர்களின் குழந்தைகள் ஒரு வயதில் அதிக எடையுடன் இருக்கும் வாய்ப்பு, குடிக்காதவர்களின் குழந்தைகளைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. டென்மார்க்கில் உங்களைப் போலவே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்த தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்விலும், அவர்களுடைய பிள்ளைகளின் ஏழாம் வயதில் ஏறத்தாழ இதே போக்கே தென்பட்டது. ஆனால் இப்படிப்பட்ட பானங்களை நாடுபவர்களில் பலர் முன்பே எடை கூடியவர்கள். ஆய்வாளர்கள் அதற்கு ஈடுசெய்து கணக்கிட்டாலும், பானம்தான் காரணம் என்று இந்த ஆய்வுகளைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. மேலும் இரண்டு ஆய்வுகளும் தினசரிப் பானத்தைப் பற்றியவை. தேநீரில் போடும் ஓரிரு மாத்திரைகளைப் பற்றியவை அல்ல.

எல்லா இனிப்பூட்டியும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். அஸ்பார்டேம் குடலிலேயே சிதைந்துவிடுவதால் அதே வடிவில் குழந்தையை எட்டுவதில்லை. சாக்கரினோ நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது; அதை நீங்கள் அறவே தவிர்ப்பது நல்லது. பாட்டில், பிஸ்கட், ஐஸ்கிரீம் உறைகளில் சிறிய எழுத்தில் 951 என்றிருந்தால் அஸ்பார்டேம், 954 என்றால் சாக்கரின், 955 என்றால் சுக்ரலோஸ். பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

எடையைக் குறைப்பதற்காக இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தபோது, முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. ஆகவே என் கருத்து இது: தினசரிக் குளிர்பானத்தை இன்றோடு நிறுத்துங்கள். வெயிலுக்கு மோரோ, உப்பிட்ட எலுமிச்சைச் சாறோ போதும். தேநீர் மாத்திரைக்கு அஞ்ச வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் அதன் பெயரைக் காட்டிவிட்டு, இரண்டை ஒன்றாக்கி, நாக்கு பழகப் பழக அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாதம் குடித்ததை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. நீங்கள் குழந்தையின் நலனுக்காகவே சர்க்கரையை விட்டீர்கள்.

வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழும் சர்க்கரை இருக்க வேண்டும். உணவாலும் நடைப்பயிற்சியாலும் அது கட்டுப்படாமல் மருத்துவர் இன்சுலின் எழுதினால் மறுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின், குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடச் செல்லும் நாளிலேயே உங்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.