38 வயதில் கிட்டார் ஆரம்பித்திருக்கிறேன். உறவினர் கொடுத்த பழைய கிட்டார். ஒரு மாதமாகியும் விரல் வலி குறையவில்லை, எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) ஒலிக்கவே இல்லை. வயதுதான் காரணமா?

வயதை விடுங்கள். "உறவினர் கொடுத்த பழைய கிட்டார்" என்றீர்களே, எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். கம்பி உயரமாக நிற்கும் கிட்டாரில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவரே எஃப் பிடிக்கத் திணறுவார்.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். மெல்லிய மூன்று கம்பிகள் நைலானாக இருந்து, பிரிட்ஜில் (உடல் பலகையின் மேல் கம்பிகள் மாட்டப்படும் கட்டை) முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது கிளாசிக்கல். அதில் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். ஆறும் உலோகம், பிரிட்ஜில் சிறு பின்கள் என்றால் ஸ்டீல் அக்கூஸ்டிக். இனி நான் சொல்லும் அளவுகள் அதற்கானவை.

சரியாக ட்யூன் செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். தளர்ந்த கம்பியில் அளந்தால் கணக்கு தப்பும். தடித்த ஆறாவது கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இப்போது ஏடிஎம் அட்டைகளை எடுங்கள். ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. 12வது ஃப்ரெட்டுக்கும் (கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்; தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்) ஆறாவது கம்பிக்கும் நடுவே, எழுத்து புடைக்காத ஓரமாக அட்டைகளை அடுக்கிச் செருகுங்கள். மூன்று போனால் சுமார் 2.3 மி.மீ., நல்ல உயரம். நான்கு தாராளமாகப் போனால் 3 மி.மீட்டருக்கு மேல். உங்கள் வலிக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. (கிளாசிக்கலில் 4 மி.மீ. சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

உயரம் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஆறாவது கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் மறு கையால் 14வது ஃப்ரெட்டிலும் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட் அருகே இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனை விட அதிகம் என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. உள்ளே ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) இருந்தால் அதைக் கால் திருப்பாகத் திருகிச் சரிசெய்யலாம். அடுத்தது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட சிறு துண்டு. கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் அளவு சந்து போதும். அதை விடப் பெரிதாகத் தெரிந்தால் நட்டின் பள்ளங்களை ஆழப்படுத்த வேண்டும். மூன்றாவது, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய துண்டான சேடில். 12வது ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். சேடில் ஏற்கெனவே குட்டையாக இருந்தும் கம்பி உயரமாக நிற்கிறதா? பிரிட்ஜின் பின்பக்கம் பலகையிலிருந்து தூக்கியிருக்கிறதா? அப்படியென்றால் விலை குறைந்த கிட்டாருக்குச் செலவழிப்பது வீண், வேறு வாங்குங்கள். மற்றபடி இந்த வேலைகளை கிட்டார் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்; நட்டில் அதிகமாக அராவிவிட்டால் விரல் வைக்காத திறந்த கம்பியே ஃப்ரெட்டில் இடித்து இரையும்.

கொடுக்கும்போதே கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) போட்டிருந்தால் 10 கேஜ், அதாவது எக்ஸ்ட்ரா லைட் கேளுங்கள். ஒலி கொஞ்சம் மெலியும், அழுத்துவது வெகுவாக எளிதாகும். பழுப்பேறிய கம்பி சொரசொரப்பாகி விரலை அறுக்கும். கடற்கரை ஊர்க் காற்றிலும் கை வியர்வையிலும் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள்.

இனி விரலுக்கு வருவோம். நுனி வலி மூன்று நான்கு வாரங்களில், தோல் தடித்ததும் அடங்கும். பெருவிரல் அடியில் பிடிப்பு, மணிக்கட்டு வலி, மரத்துப்போதல் எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. வாசிப்பதை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள். பெரியவர்கள் கிட்டாரின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதால் வருவது இது. தேவையான அழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கம்பியின் மேல் விரலைச் சும்மா வைத்து மீட்டிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். சுரம் தெளிந்த கணத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. விரல் ஃப்ரெட்டை ஒட்டி, நட்டுப் பக்கமாக இருக்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் கூடுதல் பலம் வேண்டும், அப்போதும் இரையும். இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கட்டும். சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்துபவரானால் வலது கையில் குத்திக்கொள்ளுங்கள்.

கிட்டாரின் எடையை இடது கை தாங்கவே கூடாது. தொப்பை இருப்பவர்களுக்குக் கிட்டார் மடியில் சரிந்துகொண்டே போகும். வெட்கப்படாமல் உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்புக்கு ஒரு சோதனை. ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே கிடத்தும் அதே பார் வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள் (அங்கே அது ஏ). அங்கே ஒலித்து முதல் ஃப்ரெட்டில் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் நட் உயரம்தான் குற்றவாளி. இரண்டு இடத்திலும் வரவில்லை என்றால் பிடிப்பைத் திருத்த வேண்டும். ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டியதில்லை. 5, 4, 3 ஆகியவற்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அதன் பொறுப்பு 6, 2, 1 மட்டும். விரலைப் பெருவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, எலும்பு ஓரம் கம்பியில் படும்படி வையுங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகி, வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். ஒரு மாதத்தில் எஃப் வரவில்லை என்று கவலைப்படுவது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. அதுவரை எஃப் மேஜர் செவன் போதும்: சி பிடித்திருக்கும்போது ஆள்காட்டி விரலை அசைக்காமல், நடுவிரலையும் மோதிர விரலையும் தலா ஒரு கம்பி மெல்லிய பக்கம் நகர்த்தினால் அது வந்துவிடும். 6, 5 கம்பிகளை மீட்டாதீர்கள்.

கார்டு பிடிப்பதை விடக் கார்டு மாறுவதுதான் கடினம். இதற்கும் இப்படி நகராத விரல்களைத் தேட வேண்டும். ஏ மைனரிலிருந்து சி போக மோதிர விரல் மட்டும் நகர்கிறது. ஏ மைனரிலிருந்து ஈ போக மூன்று விரலும் அதே வடிவத்தில் தடித்த பக்கம் ஒரு கம்பி தள்ளுகின்றன. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் மாறி மாறிப் பிடித்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 80 தாள அடி ஓடும் பாட்டில் நான்கு அடிக்கு ஒரு கார்டு என்றால் 20 மாற்றங்கள். பயிற்சியில் 30 வந்தால் பாட்டில் மூச்சு வாங்காது.

மாற்றம் தாமதமானாலும் வலது கை நிற்கக் கூடாது. கார்டு மாறும் முன் வரும் கடைசி மேல்வீச்சைத் திறந்த கம்பிகளிலேயே விடுங்கள். அந்த அரை அடி நேரத்தில் இடது கை இடம் மாறிவிடும். கேட்பவருக்குத் தெரியாது. இன்னொன்று, இணையப் பாடங்கள் பெரும்பாலும் நான்கு அடித் தாளத்தில் சொல்லித்தருகின்றன. தமிழ்த் திரைப்பாடல்களில் ஏராளமானவை ஆறு எட்டில் (6/8 தாளம்), தகிட தகிட நடையில் போகின்றன. பாடத்தில் கற்ற வீச்சு பாட்டோடு ஒட்டவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஆறு கீழ்வீச்சு, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். தொடக்கத்துக்கு அது போதும்.

சுருதி பொருந்தாவிட்டால் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப். சி ஷார்ப் மைனர் பாட்டுக்கு நான்காவது ஃப்ரெட்டில் போட்டு ஏ மைனர் வடிவங்கள், எஃப் ஷார்ப் மைனருக்கு இரண்டாவதில் போட்டு ஈ மைனர் வடிவங்கள். கேப்போ போட்டால் நட்டின் உயரம் கணக்கில் வராது என்பதால், கிட்டாரைப் பழுது பார்க்கக் கொடுக்கும் வரைகூட மூன்றாவது ஃப்ரெட்டில் போட்டு வலியில்லாமல் பழகலாம். தினம் 20 நிமிடம், பத்து நிமிடத்தில் ஒரு இடைவெளி. ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காரும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள், தோல் உரிவதுதான் மிச்சம்.