உதிரும் பிஞ்சுகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தோட்டக் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். குளிர் விலகியதும் நானும் மண்வெட்டியுடன் இறங்கிவிட்டேன். பட்டாணியும் கீரையும் நன்றாக வந்திருக்கின்றன. மற்றதெல்லாம் சொதப்பல். ஜன்னலோரம் வளர்த்த தக்காளி நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்து நிற்கின்றன. பீன்ஸ் விதைத்து மூன்று வாரம் ஆகிறது, ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் விதை கொழகொழவென்று அழுகியிருக்கிறது.

பெரிய கவலை ஆப்பிள் மரம்தான். நட்ட ஐந்து வருடத்தில் இந்த வசந்தத்தில்தான் மரம் கொள்ளாமல் பூத்தது. பூத்திருந்தபோது ஓர் இரவு உறைபனி விழுந்தது. அப்படியும் பிஞ்சு பிடித்தது. இப்போது பார்த்தால் தினமும் காலையில் மரத்தடியில் பிஞ்சுகள் கொட்டிக் கிடக்கின்றன. மனசு கேட்கவில்லை. உரம் போடட்டுமா? பக்கத்து வீட்டில் தக்காளியை மண்ணில் நட்டே விட்டார்கள். நான் பின்தங்கிவிட்டேனா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் உதிர்ந்த பிஞ்சு ஒன்றை எடுத்து, பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் நட்சத்திரம் போல ஐந்து அறைகள் தெரியும். அறைக்கு இரண்டு வீதம் பத்து விதைகள் வரை உருவாக அங்கே இடம் உண்டு. உதிர்ந்ததில் பெரும்பாலும் ஒன்றிரண்டு விதைதான் இருக்கும், அல்லது சுருங்கிப் பழுப்பேறிய பொட்டுதான் இருக்கும். பிறகு கிளையில் கெட்டியாக நிற்கும் ஒரு பிஞ்சையும் பறித்து அறுத்துப் பாருங்கள். (ஒன்று போனால் பரவாயில்லை.) அதில் வெள்ளையாகத் திரண்ட விதைகள் கூடுதலாக இருக்கும். மகரந்தம் சரியாகச் சேராத பிஞ்சுகளை மரம் முதலில் கழிக்கிறது. பூத்த நாட்கள் குளிராக இருந்திருந்தால் தேனீக்கள் அதிகம் பறந்திருக்காது, அதனால் இப்படிப்பட்ட பிஞ்சுகள் கூடுதலாகவே இருக்கும்.

உறைபனியின் பங்கும் இருக்கலாம். ஆப்பிள் பூ முழுதாக விரிந்திருக்கும்போது வெப்பநிலை அரை மணி நேரம் மைனஸ் 2 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பத்தில் ஒரு பூ போகும், மைனஸ் 4 வரை இறங்கினால் பத்தில் ஒன்பது போய்விடும். இதழைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இதழ் பளிச்சென்றே இருக்கும், நடுவில் இருக்கும், பிஞ்சாக மாற வேண்டிய சூலகம் மட்டும் கறுத்திருக்கும். உங்கள் மரத்தில் இவ்வளவு பிஞ்சு பிடித்திருப்பதால் அந்த இரவு பெரிய சேதம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

நூறு பூவில் ஐந்து முதல் பத்து வரை காயாக நின்றால் போதும், மரத்துக்கு அது முழு விளைச்சல். மீதியெல்லாம் உதிரவே வேண்டும். இன்னும் சில வாரத்தில் இரண்டாவது உதிர்வும் வரும். அதற்கும் பதற வேண்டாம். காற்றில்லாத நாளிலும் கொட்டும்.

அதோடு விடாமல் நீங்களும் கொஞ்சம் பறித்துப் போட வேண்டியிருக்கும் என்றால் கோபித்துக்கொள்வீர்கள். ஆனால் இந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது. ஒரு கொத்தில் ஒரே பிஞ்சை விடுங்கள், அதிலேயே பெரியதை, வடிவானதை. காய்க்கும் காய்க்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் 10 முதல் 15 சென்டிமீட்டராவது வேண்டும். பழம் பெரிதாகும் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு. அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இந்தக் கோடையின் தொடக்கத்திலேயே உருவாக ஆரம்பிக்கின்றன. வளரும் விதைகளில் உண்டாகும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் அதைத் தடுக்கும். பிஞ்சு அதிகம் என்றால் விதையும் அதிகம், அப்புறம் அடுத்த வருடம் பூ இருக்காது. ஒரு வருடம் முறியக் காய்த்து மறு வருடம் வெறுமனே நிற்கும் மரங்கள் பலவும் இந்தப் பழக்கத்தில் விழுந்தவைதான். அதனால் காய் பெரிதான பிறகு பறித்துப் பயனில்லை. பூத்து ஆறு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உரம் வேண்டாம். இப்போது தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுத்தால் மரம் தளிராகத் தள்ளும், அந்தத் தளிர் பிஞ்சோடு போட்டி போடும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் தேடி வந்து உட்காரும். மழை இல்லையென்றால் வாரம் ஒருமுறை வேர்வரை இறங்கும்படி தண்ணீர் விடுங்கள், அடியில் சருகு, வைக்கோல் பரப்பி மூடாக்குப் போடுங்கள். உதிர்ந்த பிஞ்சில் துளையும் ஈரமான எச்சமும் தெரிந்தால் மட்டும் அதை மரத்தடியில் விட்டுவைக்காமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், உள்ளே புழு இருக்கிறது.

பீன்ஸ் விஷயம் எளிது. பட்டாணி 5 டிகிரி மண்ணிலேயே முளைவிடும். பீன்ஸுக்கு 12 டிகிரியாவது வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் ஊறி அழுகும். விதையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வெப்பமானியைக் காலையில் விரற்கடை ஆழம் செருகிப் பாருங்கள், நாலைந்து நாள் தொடர்ந்து அந்த அளவு இருந்தால் விதைக்கலாம். தோட்டத்தில் நாட்காட்டியைவிட எனக்கு இந்தக் கருவியில்தான் நம்பிக்கை.

தக்காளிக்கு மண் 15 டிகிரி, இரவு 10 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் செடிகளின் இலை அடிப்புறத்தை ஒருநாள் வேலி ஓரமாக எட்டிப் பாருங்கள். ஊதா நிறம் ஓடியிருந்தால், குளிர்ந்த மண்ணிலிருந்து வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். பத்து நாள் பிந்தி, சூடேறிய மண்ணில் நட்ட செடி அதை எட்டிப் பிடித்துவிடும். உங்கள் நாற்றுகள் நீண்டது வெளிச்சம் போதாததால். தக்காளி என்பதால் தப்பித்தீர்கள்: கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டை மேல் இலைக்கொத்து வரை மண்ணுக்குள் இறக்கி நட்டால் புதைந்த தண்டு முழுக்க வேர்விடும். சுரை, வெள்ளரி நாற்றுகளிடம் இதை முயல வேண்டாம். தக்காளி நாற்றை நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல வெயிலில்.

அழுகிய பீன்ஸ் பாத்தியைச் சும்மா விடாதீர்கள். ஓரமாக இன்றைக்கே முள்ளங்கி தூவுங்கள். நான்கு வாரத்தில் பிடுங்கிவிடலாம். நடுவில் பிறகு போடும் பீன்ஸ் படர்வதற்குள் அந்த இடம் காலியாகிவிடும்.

அன்புடன்.